அம்மா குடிகாரனாக நடித்த வருடம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நாம் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே சாராயக்கடை இருந்தது.
2. அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி நம் தெருப் பெண்கள் ஏழு பேர் வீதி நாடகம் போட்டார்கள்.
3. அதில் குடிகாரனாக நடித்தது என் அம்மா.
4. அம்மா மிக நன்றாக நடித்ததால், ஒருநாளும் குடிக்காத என் அப்பாவைக் குடிகாரர் என்று தெரு முடிவு செய்தது.
5. அப்பாவைக் காப்பாற்ற நான் ஒரு காகிதம் எழுதினேன்.
6. கடை போயிற்று. என் அக்காவின் கல்யாணமும் போயிற்று.

முதல் நான்கும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். முதல் வரிசையில் மண்ணில் உட்கார்ந்து கைதட்டியவர்கள் நீங்கள். ஐந்தாவதும் ஆறாவதும் எப்படிச் சேர்ந்தன என்பதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். இதைவிட முக்கியமான ஒன்று என்னிடம் இல்லை.

அது புதுச்சேரியில் வெகு காலத்துக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். மில்லில் மூன்று ஷிப்ட் ஒன்றாகக் குறைந்திருந்தது. சங்கு மட்டும் பழைய நேரப்படி ஊதியது. மில்லை விட்டு வந்த ஆண்கள் தட்டாஞ்சாவடிப் பட்டறைகளுக்குப் போனார்கள், அல்லது எங்கும் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வந்தார்கள். வாசலில் நம் மூக்கில் ஏறிய வாசனை நினைவிருக்கிறதா? சாராய நெடி, வறுத்த கருவாடு, அவித்த முட்டை, இவற்றோடு சத்துணவு சாம்பார். இன்றும் முட்டை அவிகிற வாசனை வந்தால் எனக்கு முதல் பீரியட் மணி அடிப்பதுபோல் இருக்கும்.

நாடகத்தைத் தொடங்கியவர் நம் கணக்கு டீச்சர். லாஸ்பேட்டையிலிருந்து சந்தன நிற ஸ்கூட்டியில் வருவாரே, அவர்தான். கல்லூரிக் காலத்தில் வீதி நாடகம் போட்டவர். மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்து, மனு கொடுத்து மனு கொடுத்துக் கை வலிக்கிறது, ஒரு தடவை நடித்துக் காட்டலாம் என்றார். பால்வாடிக் கட்டடத்தில் சாயந்திரம் ஒத்திகை. தோல் கம்பெனியில் ஷூ தைத்துவிட்டு அம்மா நேராக அங்கே வருவார். விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும்.

டீச்சரிடம் ஒரு விதி இருந்தது. எழுதி வைத்த வசனம் கிடையாது. கண்ணால் பார்த்ததை மட்டும் செய்ய வேண்டும். ஒருவர் ஏதாவது செய்து காட்டினால், "இத எங்க பாத்த?" என்று கேட்பார். சினிமாவில் பார்த்தேன் என்றால் அடுத்த நொடி அது வெட்டப்படும். எதிர்வீட்டில் பார்த்தேன் என்றால் நிற்கும்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. சாமான் பட்டியல். ஒரு கட்டைப்பை, அதில் லுங்கி ஒன்று, துண்டு ஒன்று, எவர்சில்வர் டம்ளர் இரண்டு, தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்று, ஒட்டு மீசை ஒன்று. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் எண்ணி உள்ளே வைத்து டிக் போடுவேன். மீசை மூன்றாம் காட்சியிலேயே தொலைந்தது. அதன்பின் கண்மையால் வரைந்தோம். பை எங்கே போனது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

குடிகாரன் வேடத்துக்கு ஆள் தேடிய நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"ஆம்பள வேஷத்துக்கு ஒரு ஆம்பளயக் கூப்புடுங்க டீச்சர்" என்றார் ஒரு அம்மா.

"கூப்ட்டேங்க. மூணு பேரு வர்றேன்னாங்க. ரெண்டு பேரு வரல. ஒருத்தரு வந்தாரு, அவரால நிக்க முடியல."

"அப்ப அவரயே போட்ருங்க. ஒத்திகையே வேணாம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா எழுந்தார். யாரும் கேட்கவில்லை. டீச்சர் தோளிலிருந்த துண்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நான்கு எட்டு நடந்தார். தள்ளாடவில்லை. அளவுக்கு மீறி நேராக நடந்தார், கோட்டின் மேல் நடப்பவரைப் போல. பிறகு நின்று, குனிந்து, துண்டால் தரையை ஒரு சாண் இடம் விடாமல் துடைத்தார். ஊதினார். மறுபடியும் துடைத்தார். துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, துடைத்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய்த் தூசியில் உட்கார்ந்தார்.

பால்வாடியே குலுங்கியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எங்கம்மா பாத்தீங்க?" என்றார்.

"பாத்தன் டீச்சர்" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

மறுநாள் அப்பாவின் பழைய பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை அம்மா எடுத்துக்கொண்டு போனார்.

முதல் காட்சி சாராயக்கடைக்கு முன்னாலேயே. டீச்சர் பறையை நான்கு தட்டு தட்டி, நடுவில் நின்று உரக்கச் சொல்வார்: "இது கதையில்லீங்க. இதுல வர்றது எல்லாம் நாங்க கண்ணால பாத்தது. பாக்காதது ஒண்ணுகூட இதுல கெடையாது." அந்த அறிவிப்புதான் நாடகத்தின் பெருமை. ஒவ்வொரு தெருவிலும் அதைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று ஏழு பெண்களுக்கும் டீச்சருக்கும் தோன்றவில்லை.

நாடகம் ஓடியது. ஓட வேண்டிய அளவுக்கு மேலேயே ஓடியது. கடைக்குள் இருந்தவர்கள் டம்ளரோடு வெளியே வந்து பார்த்தார்கள். அம்மா தரையைத் துடைத்துவிட்டுத் தள்ளி உட்காரும்போது, "அண்ணே, இந்தப் பக்கம் அண்ணே!" என்று குடித்தவர்களே வழி சொன்னார்கள். இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டார்கள். நாலாவது வாரம், கடையை ஏலத்தில் எடுத்தவர் ஒரு கிரேட் கோலி சோடா அனுப்பினார். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். தானும் வந்து கும்பிட்டார்.

"வாரா வாரம் வந்துடுங்கம்மா. நீங்க வர்ற அன்னிக்கு யாவாரம் ரெண்டு மடங்கு."

டீச்சர் முகம் கறுத்துவிட்டது. அன்று பால்வாடியில் பெரிய சண்டை. சிரிப்பை எடுத்துவிட வேண்டும் என்றார் டீச்சர். எடுத்துவிட்டு ஒரு தடவை போட்டுப் பார்த்தார்கள். நாடகம் முடியும்போது மூன்று நாய்களும் நானும் இருந்தோம். அடுத்த வாரம் சிரிப்பு திரும்ப வந்தது. ஆனால் முடிந்ததும் கூட்டத்தைக் கலைய விடாமல் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். சிரித்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். டம்ளர் பிடித்த கைகளும் போட்டன. இரண்டு நோட்டு நிரம்பின.

நோட்டு நிரம்பியதும் வேட்பாளர் வந்தார். அவர் அப்போது இன்னும் வேட்பாளர்கூட இல்லை, ஆக ஆசைப்பட்டவர். மைக் செட், மேடை, ஆளுக்கு ஒரு புடவை எல்லாம் தருவதாகச் சொன்னார். நாடகத்தின் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: கடையை மாற்றியவர் இன்னார். டீச்சர் வாயைத் திறக்கும் முன் அம்மா பதில் சொன்னார்.

"எங்களுக்கு ஒரு ரூல் இருக்குதுங்க. பாத்தத மட்டுந்தான் செய்வோம். நீங்க கடைய மாத்தி இன்னும் நாங்க பாக்கலியே. மாத்துங்க, மறுநாளே சேத்துடறோம்."

அவர் போகும்போது சிரித்துக்கொண்டே போனார். ஆனால் விசாரணை நடக்க அவரும் ஒரு காரணம். தேர்தல் நெருக்கத்தில் இரண்டு நோட்டுக் கையெழுத்தை யாராலும் மேசைக்கு அடியில் போட முடியவில்லை. அதிகாரி ஒருவர் நேரில் வந்து இரு தரப்பையும் கேட்பார் என்று கடிதம் வந்தது. இடம் நம் பள்ளிக்கூட வராந்தா.

அதற்குள் வீட்டில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது.

நம் தெரு ஒரு கணக்குப் போட்டது. நாடகத்தில் வருவதெல்லாம் கண்ணால் பார்த்தது என்று அவர்களே சொல்கிறார்கள். குடிகாரனை இவ்வளவு துல்லியமாகப் பார்க்க ஒரு பெண்ணுக்கு வேறு எங்கே வாய்ப்பு? லுங்கி வேறு புருஷனுடையது. விடை: அப்பா. கணக்கில் ஒரு வழியும் தப்பில்லை, விடை மட்டும் தப்பு. குழாயடியில் அம்மாவைப் பார்த்து, "பாவம், எவ்ளோ அனுபவிச்சிருப்ப" என்றார்கள். உங்களில் ஒருத்தி என்னிடம் ஒரு கமர்கட் கொடுத்து, "உங்கப்பா அடிப்பாராடி?" என்று கேட்டாள். யார் என்று சொல்லமாட்டேன். கமர்கட்டைத் தின்றுவிட்டேன்.

அரைப்பரீட்சை லீவில் ஒருநாள் அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். அக்காவும் நானும் டவுன் பஸ்ஸில் தட்டாஞ்சாவடிக்கு எடுத்துக்கொண்டு போனோம். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். பெரியம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பட்டறை கேட்டில், வெளியே டீ குடிக்கப் போன ஆட்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாவை மட்டும் சூப்பர்வைசர் நிறுத்தினார். அப்பாவைவிட வயதில் சின்னவர்.

"கோச்சுக்காதண்ணே. முதலாளி சொல்லிட்டாரு. ஊது."

அப்பா குனிந்து அவர் முகத்துக்கு நேராக ஊதினார்.

"மசால்வட" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் மிஷினை அப்பாவிடம் கொடுப்பதாக இருந்தது. வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அக்கா சாப்பாட்டை வாட்ச்மேனிடம் கொடுத்தாள். "நாம பாத்தோம்னு சித்தப்பாகிட்ட சொல்லாத" என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம் அம்மா அப்பாவிடம் மெல்லிய குரலில் சொன்னதைக் கேட்டேன். "சொல்லிடலாங்க. அது நீங்க இல்லன்னு நானே சொல்லிடறேன்."

"அப்ப யாருன்னு கேப்பாங்க. என்னா சொல்லுவ?"

 எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஏன் சொல்லக்கூடாது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்படிப்பட்டவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. மாப்பிள்ளை பாரிசில் வேலை செய்தார். புகைப்படத்தில் ஒரு பாலத்தின் மேல் கோட்டுப் போட்டு நின்றார். நம் தெருவில் அப்படி ஒரு சம்பந்தம் யாருக்கும் வந்ததில்லை. சொல்தா கேசரியை ஸ்பூனால் சாப்பிட்டு, "போன், போன்" என்று பிரெஞ்சில் பாராட்டினார். பிறகு பெண்ணின் தாயார் எப்படித் தவறினார் என்று கேட்டார்.

"மஞ்சக்காமாலைங்க" என்றார் அம்மா.

சொல்தா தலையாட்டிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். ஐயா என்பது அவர் வாயில் முசியே. "முசியே கொஞ்சம் எடுத்துக்குவாருன்னு கேள்விப்பட்டேன்."

நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்பா இல்லை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா தரையைப் பார்த்துச் சிரித்து, "எப்பனாச்சும்" என்றார்.

"அதனால என்னா! நானுந்தான். ஆம்பளன்னா அப்பிடித்தான்." சொல்தா அப்பாவின் தொடையில் தட்டினார். ஜாதகம் பொருந்திவிட்டது, பாக்கு வெற்றிலை மாற்ற நாள் பார்க்கலாம் என்றார்.

செய்யாத ஒன்றை அப்பா ஒப்புக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. பட்டறையில் ஊதச் சொன்னபோதாவது மற்றவர்கள் செய்தார்கள். இது அவரே செய்தது. அன்று சாயந்திரமே கோடு போட்ட தாளில் மனு எழுதினேன். விசாரணை நாளில் டீச்சர் மேசை மேல் வைத்திருந்த மனுக்கட்டின் நடுவில் செருகினேன்.

விசாரணை சனிக்கிழமை காலை. வராந்தா நிறைய ஆட்கள். கடைக்காரர் ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார். வக்கீல் கோபமே படாமல் பேசினார். இது பொதுப் பிரச்சினை இல்லை, ஒரு வீட்டுச் சண்டை என்றார். "இந்தம்மாவோட புருஷன் குடிக்கிறாரு. கோவத்துல நாடகம் போடறாங்க. கண்ணால பாத்தோம்னு அவங்களே மேளம் அடிச்சுச் சொல்றாங்க சார். ஒருத்தர் வீட்டுக்காரரத் திருத்த ஒரு தொழில மூடலாமா?" சிலர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

அதிகாரி மனுக்களைப் படிக்கச் சொன்னார். குமாஸ்தா ஒவ்வொன்றாக, ஒரே குரலில், ரேஷன் அட்டை எண் வாசிப்பதுபோல் வாசித்தார். என்னுடையதும் வந்தது. அந்தத் தாளை அம்மா பிறகு வாங்கி வைத்துக்கொண்டார், அதனால் அப்படியே தருகிறேன்.

"ஐயா, 1. என் அப்பா குடிக்க மாட்டார். 2. நாடகத்தில் உள்ள லுங்கி அப்பாவுடையதுதான். ஆனால் அது கிழிந்த லுங்கி. 3. அம்மா நடிப்பது அப்பாவைப் பார்த்து அல்ல. இறந்துபோன என் பெரியம்மாவைப் பார்த்து. 4. பெரியம்மா மில் வேலை போன பிறகு இந்தக் கடையில் பின்பக்கமாக வாங்கி, தெருவுக்குத் தெரியாமல் குடிக்கும். 5. சாயந்திரம் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து ரேஷன் கடைச் சுவர் ஓரம் உட்காரும். முதலில் முந்தானையால் தரையைத் துடைக்கும். துடைத்த இடத்தில் என்னை உட்கார வைக்கும். பெரியம்மா பக்கத்தில் மண்ணில் உட்காரும். 6. நாடகத்தில் குழந்தை இல்லை. அதனால்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள். 7. என் அப்பாவை இனிமேல் ஊதச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

ஐந்தாவதிலேயே குமாஸ்தாவின் குரல் மாறிவிட்டது.  அதிகாரி அம்மாவைப் பார்த்தார்.

"இது நெசமாம்மா?"

அம்மா பதில் சொல்வதற்குள் அப்பா தூணை விட்டு முன்னால் வந்தார். "இல்லீங்க சார். நான்தான் குடிப்பேன். கொழந்த என்னயக் காப்பாத்தறதுக்கு ஏதோ எழுதிடுச்சு. அத விட்ருங்க."

வக்கீல் புன்னகை செய்தார். அவருக்கு வேண்டியது அதுதான்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அம்மா என்னைப் பார்த்ததே இல்லை. நாடகத்தில் எந்த இடத்திலும் தடுக்காத குரல் அன்று தடுக்கியது.

"அவரு பொய் சொல்றாரு சார். அவரு தொட்டதே கெடையாது. எங்கக்காதான். பொம்பள குடிச்சான்னு காட்ட வாயி வரல. அதான் லுங்கியக் கட்டிக்கினேன்."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் அவரை முந்தியது. நம் தெருவுக்குப் பால் ஊற்றும் பால்காரம்மா. "எம்பேரயும் போட்டுக்குங்க சார். அவளும் நானும் ஒரே டம்ளர்ல குடிச்சவங்க."

"யம்மா, என் கடையில குடிச்சிட்டு என் கடையவே தூக்கச் சொல்றியா?" என்றார் கடைக்காரர்.

"கிட்ட கெடந்தா வந்துடறேன். தூரத்துல வச்சா எனக்கு முட்டி வலி, வரமாட்டேன். அதுக்குத்தான் தூக்கச் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே, தாங்களும் குடித்தவர்கள்தான் என்று இரண்டு பெண்கள் கை தூக்கினார்கள். பிறகு இன்னொருத்தி. ஒரே வீட்டுச் சண்டை என்ற வாதம் அத்துடன் முடிந்தது. அதிகாரி அதற்குப் பிறகு வெகுநேரம் எழுதினார்.

திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. அப்பா பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும்தான் அம்மா பேசினார், அதுவும் என்னிடம் இல்லை, அடுப்பிடம். "ஆம்பள குடிச்சா ஊரு ரெண்டு நாள் பேசும். பொம்பள குடிச்சான்னா அவ பொண்ணு தலையில ஏறும், பேத்தி தலையில ஏறும். அதுக்குத்தானடி உங்கப்பா வாய மூடிக்கினு இருந்தாரு." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிய வேண்டிய நேரத்துக்கு நான்கு மணிநேரம் பிந்தி.

புதன்கிழமை தரகர் வந்தார். ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அக்கா எனக்குத் தலை பின்னினாள். வழக்கத்தைவிட இறுக்கமாக.

"எங்கம்மா குடிச்சது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க எல்லாரும்? டம்ளர் கழுவனதே நான்தான்டி."

நான் அழுதேன். அவள் பின்னலை நிறுத்தவில்லை.

"பாரிசு போனா போவுது. அந்தாளு போட்டோவுல கூட சிரிக்கல. ஆனா ஒண்ணு. சித்தி எங்கம்மாவ வச்சு நடிச்சாங்க. சித்தப்பா எனக்காகப் பொய் சொன்னாரு. நீ எழுதிக் குடுத்த. ஒருத்தராச்சும் என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவும் அப்பாவும் அக்காவைக் காப்பாற்றினார்கள், நான் அப்பாவை. அவளைக் கேட்காமல் காப்பாற்றினோம். அம்மாவின் நடிப்பு உண்மை. டீச்சரின் விதி நல்ல விதி. இன்றும் அதை நான் நம்புகிறேன். அந்த நாடகம் இல்லாமல் இரண்டு நோட்டுக் கையெழுத்து இல்லை, விசாரணை இல்லை, பால்காரம்மா எழுந்து பேசியிருக்கமாட்டார். எந்த மனுவும் செய்யாததை அது செய்தது. ஆனால் பார்த்தது உன் கண் என்பதால், பார்க்கப்பட்டது உன்னுடையது ஆகிவிடாது. அதைச் சொல்ல அன்று எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் தகுதி இருந்தது. பெண் பார்த்த அன்றும் விசாரணை அன்றும் அவளைத்தான் நாங்கள் அறைக்குள் வைத்திருந்தோம்.

நான்கு நாள் கழித்து அம்மா அவளிடம் கேட்டார். வெறும் இரண்டு வரி. "இனிமே அத நான் செய்யல. வேணாம்னா சொல்லு, நாடகத்தயே விட்டுடறேன்."

அக்கா சொன்னாள்: "செய்யுங்க சித்தி. ஆனா லுங்கி வேணாம். பொடவையிலயே செய்யுங்க. அந்தக் கொழந்தையயும் வைங்க."

வீராம்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டிய தெருவில் அடுத்த காட்சி. குழந்தையாக நான். அம்மா முந்தானையால் தரையைத் துடைத்தார். ஊதினார், மறுபடி துடைத்தார். என் தோளைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைத்தார். பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். யாரும் வழி சொல்லவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அக்கா நின்று பார்த்தாள். முடிந்ததும் அம்மாவிடம், "எங்கம்மா இவ்ளோ வேகமா தொடைக்காது" என்று திருத்தம் சொன்னாள். அடுத்த காட்சியில் அம்மா மெதுவாகத் துடைத்தார்.

இப்போதைய நிலை இது. சாராயக்கடை அந்த வருடமே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மூடப்படவில்லை, மாற்றப்பட்டது. பால்காரம்மா சொன்ன சொல்லைப் பாதி காப்பாற்றினார். அப்பாவை ஊதச் சொல்வது நின்றது. மிஷின் மட்டும் திரும்ப வரவில்லை, இரண்டு வருடம் கழித்து வேறு பட்டறைக்கு மாறிக்கொண்டார். அக்கா நர்சிங் படித்து, தானே பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு லாஸ்பேட்டையில் இருக்கிறாள். அது நல்ல வாழ்க்கை. நான் கெடுத்ததற்கு அது ஈடு என்று நான் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை. நான் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நாடகக் குழுவும் இருக்கிறது. அம்மாதான் இப்போது நடத்துகிறார். யாருடைய வாழ்க்கையையாவது நாடகத்தில் எடுப்பதாக இருந்தால், ஒத்திகைக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார். போன மாதம் ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்தக் காட்சி நாடகத்தில் இல்லை.